பந்தய விதியும் சங்கத்தின் கடமையும்

மோட்டார் பந்தயம் என்றதும் பெருந்தனமும், உலகப் புகழும், பத்திரிகைகளில் வெளியாகும் பெரிய படங்களுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலகத்தில் நடைபெறும் மோட்டார் பந்தயங்களில் பெரும்பாலானவை அத்தகையன அல்ல. வாரம் முழுவதும் காரியாலயத்திலோ, கடையிலோ, பட்டறையிலோ உழைத்துவிட்டு, சனி ஞாயிறுகளில் தாமே செப்பனிட்ட பழைய காரைத் தாமே ஓட்டும் சாதாரண மனிதர்கள், தங்களுக்குள் சங்கம் அமைத்து நடத்திக்கொள்ளும் பந்தயங்களே அவை. அவற்றில் ஜயித்தவருக்குக் கிடைப்பது ஒரு சிறு கோப்பை; சில இடங்களில் மரப்பலகையில் பதித்த ஒரு தகடு. இவ்வளவு சொற்பமான பரிசுக்காக ஒருவர் விதியை மீறி எஞ்சினுக்குள் ரகசியமாகக் கை வைப்பாரா என்று நேயர்கள் வியக்கக்கூடும். வைக்கிறார்கள் என்பதே பல தேசங்களின் அநுபவம். அதைத் தடுப்பது எப்படி என்பதைக் குறித்து நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம். விளையாட்டு விஷயந்தானே என்று இதைத் தள்ளிவிடலாகாது. வெளியிலிருந்து எந்தப் போலீஸும், எந்த அதிகாரியும் வந்து ஆளாத ஒரு சங்கம், தான் இயற்றிய விதியைத் தானே காப்பாற்றிக்கொள்ள வல்லதா என்ற பெரிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1944-ம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கம், தொழில் முறையில் அல்லாது ஆசையினால் கார் ஓட்டுவோரின் பந்தயங்களை நடத்திவருகிறது. இப்பந்தயங்களில் மிகப் பிரபலமான வகுப்புகளில் ஒன்று ‘ஸ்பெக் மியாட்டா’ என்பது. ஜப்பானின் மாஸ்டா கம்பெனியார் 1989-ல் வெளியிட்ட மியாட்டா என்னும் சிறிய இரட்டை ஆசனக் காரின் முதல் இரண்டு தலைமுறைகளே இவ்வகுப்பில் ஓடுகின்றன. பந்தயத்தைப் பணத்தின் போட்டியாக விடாமல் திறமையின் போட்டியாக வைக்க வேண்டும் என்பதே இவ்வகுப்பின் நோக்கம். ஆகவே எல்லோருக்கும் ஒரே வகை டயர், ஒரே வகை ஸ்பிரிங், ஒரே வகை ஷாக் அப்சார்பர். காரும் ஓட்டுநரும் சேர்ந்து இவ்வளவு எடைக்குக் குறையலாகாது என்று ஒரு வரம்பு. பழைய எஞ்சின் 1.6 லிட்டர், பிந்தியது 1.8 லிட்டர் என்ற வித்தியாசத்தைச் சரிக்கட்ட, ஒவ்வொரு வருஷத்து மாடலுக்கும் எடையும், காற்றுப் போகும் வழியைச் சுருக்கும் தகட்டின் துவார அளவும் தனித்தனியே நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன. இத்தனைக்கும் மேலாக ஒரு பொது விதியும் உண்டு: செய்யலாம் என்று புஸ்தகத்தில் எழுதியிராத எதையும் செய்யலாகாது.

இவ்வளவு கட்டுப்பாடுள்ள இடத்தில் பெரிய மோசடிக்கு இடமில்லை. ஆனால் சிறிய மோசடிக்கு மதிப்பு மிக அதிகம். எல்லாக் கார்களும் ஏறக்குறைய சமமாக ஓடும்போது, ஒரு சுற்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு லாபம் கிடைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 20 சுற்றில் அது 2 விநாடி. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி என்றால் சுமார் 90 மீட்டர். 4 மீட்டர் நீளமுள்ள கார்களில் இருபதுக்கு மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தக்கூடிய தூரம் அது. இந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடி எங்கிருந்து வரும்? சிலிண்டர் ஹெட்டின் அடிப்பாகத்தைச் சற்று அதிகமாகச் சீவினால் கம்ப்ரெஷன் ஏறும். கேம் ஷாஃப்டின் மேட்டை மயிரிழையளவு மாற்றினால் வால்வு சற்று அதிகம் திறக்கும். பறக்கும் சக்கரத்தின் எடையைக் குறைத்தால் எஞ்சின் சீக்கிரம் வேகம் பிடிக்கும். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்குள் சில எண்களை மாற்றினால் வெளியே எந்த அடையாளமுமே தெரியாது. இவற்றில் எதையும் பானட்டைத் திறந்து மேலாகப் பார்ப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. பிரித்து அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

இதனால் விளையும் தீங்கு ஒரு கோப்பை தவறானவர் கையில் போய்ச் சேருவதோடு முடிவதில்லை. விதிப்படி ஓடுபவர், தாம் பின்தங்குவதற்குக் காரணம் தமது ஓட்டுத் திறமையின் குறைவா, அல்லது முன்னால் போகிறவரின் எஞ்சினா என்று அறிய வழியில்லாமல் தவிக்கிறார். பயிற்சியில் நம்பிக்கை போய்விடுகிறது. பிறகு அவருக்கு மூன்று வழிகளே எஞ்சுகின்றன. தாமும் ரகசியமாக எஞ்சினில் கை வைப்பது ஒன்று. பெரும் பணம் கொடுத்துப் பேர்போன எஞ்சின் கட்டுபவரிடம் சரணடைவது மற்றொன்று. காரை விற்றுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவது மூன்றாவது. முதல் வழியில் போகிறவர் கெடுகிறார்; இரண்டாவது வழியில் போகிறவர் கடனாளியாகிறார்; மூன்றாவது வழியில் போகிறவரைச் சங்கம் இழக்கிறது. சொற்ப வருமானமுள்ளவர்களுக்கென்று ஏற்பட்ட வகுப்பு இப்படித்தான் செல்வர்களின் வகுப்பாக மாறி, பிறகு ஆளில்லாமல் மடிகிறது. எடையைக் குறைப்பதற்காகப் பாதுகாப்புக் கூண்டின் குழாயை மெல்லியதாக்குவோரும் உண்டானால், உயிருக்கே ஆபத்து நேரும் என்பதையும் நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வியாதி புதிதன்று. அமெரிக்காவில் ‘நாஸ்கார்’ என்னும் ஸ்தாபனம் கடையில் விற்கும் கார்களை எவ்வித மாற்றமும் இன்றி ஓட்டும் பந்தயம் என்று விளம்பரம் செய்து, அவ்வகையில் தனது முதல் பந்தயத்தை 1949-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி ஷார்லட் நகரத்தில் நடத்தியது. அது பணப் பரிசுக்கான பந்தயமே. எனினும் அதிலுள்ள பாடம் எல்லாருக்கும் பொது. க்ளென் டனவே என்பவர் ஒரு 1947-ம் வருஷத்து ஃபோர்டு காரில் முதலாவதாக வந்தார். பந்தயம் முடிந்தபின் பரிசோதகர்கள் காரின் அடியில் பார்த்தபோது, பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் மாற்றியமைக்கப்பட்டிருந்தன. கள்ளச் சாராயம் ஏற்றிக்கொண்டு போலீஸாருக்குத் தப்பி ஓடுகிறவர்கள் கையாண்ட தந்திரம் அது. டனவேயின் வெற்றி ரத்து செய்யப்பட்டது. லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசு சென்றது. காரின் சொந்தக்காரர் சும்மாயிருக்கவில்லை. 10,000 டாலர் நஷ்டஈடு கோரி நாஸ்கார் மீது வியாஜ்யம் தொடுத்தார். கோர்ட்டு அவ்வழக்கைத் தள்ளிவிட்டது.

முதல் பந்தயத்திலேயே முதல் பரிசைப் பறிப்பது எளிய காரியமன்று. பார்க்க வந்த ஜனங்களின் கண்முன்னே ஜயித்தவரை, யாரும் பார்க்காத பட்டறையில் தோற்றவராக்குவது எவ்வளவு சங்கடமானது! ஆனால் அன்று அந்தச் சங்கடத்துக்கு அஞ்சி ஸ்தாபனத்தார் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், மாற்றமில்லாத கார் என்ற விளம்பரம் அன்றே பொய்யாகிப் போயிருக்கும். விதியின் மதிப்பு அதை எழுதுகிற நாளில் நிர்ணயமாவதில்லை. அதை முதன்முதலாக ஒரு செல்வாக்குள்ளவர்மீது பிரயோகிக்க வேண்டிய நாளில்தான் நிர்ணயமாகிறது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபத்தைக் கவனிப்போம். மோட்டார் பந்தயத்தின் ஜீவனே புதுமை காணும் புத்திதான். எல்லாவற்றையும் தடுத்தால் அந்தப் புத்தி மழுங்கிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்திலேயே விடை இருக்கிறது. அங்கே ஆஸ்டின் ஸெவன் என்னும் சிறு கார்களின் அபிமானிகள் 1939-ல் ‘750 மோட்டார் சங்கம்’ என்பதை ஆரம்பித்தார்கள். 747 கன சென்டிமீட்டர் கொண்ட அந்தக் காரின் எஞ்சினை வைத்து ஏழை எளியவரும் பந்தயம் ஓட்டலாம் என்று ஒரு வகுப்பை அவர்கள் ஏற்படுத்தினார்கள. அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கு உள்ளிழுக்கும் துவாரங்கள் இரண்டே. ஒவ்வொரு துவாரத்தையும் இரண்டு சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 1951-ல் காலின் சாப்மன் என்னும் இளைஞர், அத்துவாரங்களுக்குள் தடுப்பு அமைத்து, நான்கு சிலிண்டர்களும் தனித்தனியே மூச்சுவிடும்படி செய்துவிட்டார். விதியில் அதைத் தடுக்கும் வாசகம் எதுவும் இல்லை. அவ்வருஷம் அவருடைய லோட்டஸ் காரை யாரும் நெருங்க முடியவில்லை.

சங்கத்தார் செய்தது என்ன? அவரை மோசக்காரர் என்று தூற்றவில்லை. வெற்றிகளைப் பறிக்கவும் இல்லை. வருங்காலத்துக்கு அந்த ஏற்பாட்டைத் தடை செய்து விதியைத் திருத்தினார்கள். விதி இடங்கொடுத்த வழியில் புத்தியைச் செலுத்துவது வேறு. விதி மூடிய கதவைக் கள்ளச் சாவியால் திறப்பது வேறு. சாப்மன் பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற லோட்டஸ் கம்பெனியின் ஸ்தாபகராக விளங்கினார் என்பது யாவரும் அறிந்ததே. புத்திக்கு இடம் வேண்டும் என்போர் அதற்கென்று திறந்துவிடப்பட்ட வகுப்புகளில் சேரலாம். எதையும் மாற்றமாட்டேன் என்று கையெழுத்திட்டு ஒரு வகுப்பில் நுழைந்துவிட்டுப் பிறகு புதுமையைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. தாம் செய்ததைச் சக போட்டியாளர்கள் எல்லோருக்கும் முன்னால் திறந்து காட்ட ஒருவர் கூசாமல் இருப்பாரானால், அது சாமர்த்தியம். கூசுவாரானால், அது களவு.

ஆயினும் விதி தெளிவாக இல்லாமலும், பரிசோதனை ஒழுங்காக நடவாமலும் இருந்தால், நல்லவரும் மெல்ல மெல்ல வழுக்கி விழுவார்கள். ஸ்பெக் மியாட்டா வகுப்பில் 2014-ம் வருஷத்தில் நடந்ததை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அவ்வருஷம் கலிபோர்னியாவில் லகூனா ஸேகா மைதானத்தில் தேசிய சாம்பியன் பந்தயம் நடந்தது. முடிந்ததும் எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தார்கள். முன்னணியில் வந்த கார்களில் பலவற்றின் சிலிண்டர் ஹெட்டுகள் விதிக்கு விரோதமாக இருப்பதாகக் கண்டு அவற்றைத் தள்ளினார்கள். வால்வு உட்காரும் இடத்துக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட வெட்டை விதி அனுமதித்திருந்தது. அந்த வெட்டு முடியும் விளிம்பைத் தேய்த்து மெருகிடுவதை அனுமதிக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு கைவிரல் நுனியளவு இடம். பந்தயக்காரருக்கோ அதுவே காற்று வளைந்து திரும்பும் முக்கியமான முனை.

அப்போது எழுந்த வாதம் நாம் எல்லோரும் நமது பொதுவாழ்வில் கேட்டுப் பழகியதுதான்: “எல்லாருந்தான் செய்கிறார்கள்.” இது முழுப் பொய்யும் அல்ல, முழு நியாயமும் அல்ல. வருஷக்கணக்காக ஒரு வழக்கம் பட்டறைகளில் பரவ விட்டுவிட்டு, ஒருநாள் திடீரென்று கதவைச் சாத்தினால், அகப்பட்டவர்களுக்குத் தாம் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டோம் என்ற எண்ணம் ஏற்படுவது சகஜம். அவர்களில் பலர் எஞ்சினைத் தாமே கட்டியவர்களும் அல்ல. பணம் கொடுத்து வாங்கியவர்கள். ஆனால் அந்த வழக்கத்தில் சேராமல், புஸ்தகத்தில் உள்ளபடியே எஞ்சினை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தயத்திலும் பின்வரிசையில் வந்தவர் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவருக்காகப் பேசுவோர் யார்? “எல்லாரும்” என்ற சொல்லுக்குள் அவர் அடங்கவில்லை. எல்லாரும் செய்கிறார்கள் என்பதன் உண்மைப் பொருள், செய்யாதவர்களை நாம் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை என்பதே.

நோயின் மூலம் இங்கேதான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். பல சங்கங்களில் பரிசோதனை என்பது பிராதின் பேரில் நடக்கும் காரியமாக இருக்கிறது. ஒருவருடைய எஞ்சினில் சந்தேகம் இருந்தால், மற்றொரு போட்டியாளர் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துத் திரும்பச் சேர்க்க ஆகும் செலவுக்கு ஈடாக அவர் பணமும் கட்ட வேண்டும். கார் விதிப்படி இருந்தால் அந்தப் பணம் போய்விடும். விரோதமாக இருந்தால் செலவு குற்றவாளியின் தலையில் விழும். வீண் புகார்களைத் தடுக்க இது ஏற்ற முறையே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதையே பிரதான காவலாக நம்பியிருப்பது பெரும் பிசகு. அடுத்த வாரமும் அதே மைதானத்தில், அதே நிழலில், அதே மனிதர்களோடு அமர்ந்து சாப்பிட வேண்டியவர், தமது சிநேகிதரைத் திருடர் என்று எழுதிக் கையெழுத்திடத் துணிவாரா? துணிந்தாலும் பணம் வேண்டாமா? கோள்சொல்லி என்ற பெயர் அவரை விட்டு நீங்குமா? நேர்மையானவரைப் பார்த்து, “நீயே குற்றஞ்சாட்டு, நீயே பணம் கட்டு, நீயே பழியையும் ஏற்றுக்கொள்” என்று சொல்லும் சங்கம், தனது கடமையை அவருடைய தோளில் இறக்கி வைத்துவிட்டது. தோட்டத்துக்கு வேலி போடாத சொந்தக்காரர், மாடு மேய்ந்ததைப் பற்றி அண்டை வீட்டுக்காரரே பிராது கொடுக்கவில்லை என்று குறைப்படுவதற்கு ஒப்பானது இது.

ஆகவே செய்யவேண்டிய முதல் காரியம், பரிசோதனையைப் புகாரிலிருந்து பிரிப்பது. ஒவ்வொரு பந்தயத்தின் முடிவிலும் முதல் மூன்று கார்களையும், சீட்டுக் குலுக்கி எடுத்த வேறு இரண்டு கார்களையும் சங்கமே தன் பொறுப்பில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. இன்று எடையும் பெட்ரோலும். அடுத்த முறை கேம் ஷாஃப்ட். அதற்கடுத்த முறை சிலிண்டர் ஹெட். எந்த முறை எது என்பது பந்தயம் முடியும்வரை ஒருவருக்கும் தெரியலாகாது. சீட்டில் பெயர் வருவதில் அவமானம் எதுவும் இல்லை; யாரும் யாரையும் குற்றஞ்சாட்டவும் இல்லை. பத்தாவதாக வந்தவரையும் பார்ப்பதால், ஜயிப்பவர்மேல் பொறாமை என்ற பேச்சும் எழாது.

இரண்டாவது, விதிகள் அளக்கக்கூடியனவாக இருக்க வேண்டும். “நியாயமான அளவுக்கு”, “தொழிற்சாலையின் நோக்கத்துக்கு ஒத்தபடி” என்பன போன்ற வாசகங்கள் வக்கீல்களுக்கு உபயோகப்படலாம். அளவுகோலை வைத்துக்கொண்டிருக்கும் பரிசோதகருக்கு உபயோகப்படா. ஹெட்டின் கனம் இத்தனை மில்லிமீட்டருக்குக் குறையலாகாது, வால்வு இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் திறக்கலாகாது என்று எண்ணால் சொல்லிவிட்டால், சண்டைக்கு இடமே இல்லை. அளக்க முடியாத விதியை எழுதுவதைக் காட்டிலும் அந்த விஷயத்தில் எல்லாருக்கும் சுதந்திரம் கொடுத்துவிடுவது மேல். 2014-ல் நடந்த கலவரத்துக்குப் பிறகு சிலிண்டர் ஹெட்டு பற்றிய விதி திருத்தி எழுதப்பட்டது; அந்தத் தெளிவு முன்பே இருந்திருக்குமானால் பலருடைய மனக்கசப்பு மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, மோசடியால் லாபம் இல்லாதபடி செய்யும் உபாயங்கள் உண்டு. முத்திரையிட்ட எஞ்சின் அவற்றில் ஒன்று. அமெரிக்கச் சங்கத்தின் ‘ஸ்பெக் ரேஸர் ஃபோர்டு’ வகுப்பில் எஞ்சின்கள் முத்திரையிட்டே வருகின்றன. முத்திரையை உடைத்தவருக்குப் பந்தயத்தில் இடமில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் ரகசியத்துக்கு இதைவிட எளிய மருந்து இருக்கிறது: பந்தயத்துக்குச் சற்று முன்னால் இருவருடைய பெட்டிகளை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும். தனது திருட்டு எதிரிக்கு உபயோகப்படும் என்று தெரிந்தால் யார் திருடுவார்? குதிரைப் பந்தயங்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு, குறித்த விலைக்குக் குதிரையை விற்க ஒப்புக்கொண்டு ஓடவிடும் முறை புதிதல்ல. அமெரிக்காவின் மண் தரைப் பந்தயங்கள் சிலவற்றில், ஜயித்த எஞ்சினைக் குறித்த விலைக்குப் போட்டியாளர் வாங்கிக்கொள்ளலாம் என்ற விதி இருக்கிறது. 2006-ல் தொடங்கிய ‘லெமன்ஸ்’ என்னும் வேடிக்கைப் பந்தயத்தில் காரின் விலை 500 டாலருக்கு மேற்படலாகாது என்பது விதி. பந்தயத்தை நடத்துவோர் விரும்பினால் அந்த விலைக்கே காரை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் ஒரு விவேகத்தைக் கவனியுங்கள்: பிரேக், டயர், பாதுகாப்புக் கூண்டு முதலியவற்றின் விலை அந்தக் கணக்கில் சேராது. சிக்கனத்தின் பேரால் ஒருவரும் தமது உயிரைப் பணயம் வைக்கலாகாது என்பது அதன் கருத்து.

நான்காவது, முடிவை மறைக்கலாகாது. எந்தக் காரில் எதை அளந்தார்கள், எவ்வளவு இருந்தது, விதி என்ன சொல்கிறது என்பதை மைதானத்திலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். நிரபராதியின் அளவையும் எழுதவேண்டும். அவருடைய நற்பெயருக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. எஞ்சினைக் கட்டிக் கொடுத்தவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். வாங்கி ஏமாந்த ஓட்டுநர் மட்டும் தண்டனை பெற்று, விற்றவர் அடுத்த வாடிக்கைக்காரரைத் தேடிப் போய்விடுவது நீதியாகாது.

இவற்றுக்குப் பணமும் ஆளும் எங்கே என்று சங்கத்தார் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. சம்பளமில்லாமல் வெயிலில் நின்று வேலை செய்யும் தொண்டர்களே பெரும்பாலான சங்கங்களைத் தாங்கி நிற்கிறார்கள். மாலையில் பந்தயம் முடிந்தபின் எஞ்சினைப் பிரிக்க உட்கார்ந்தால் நள்ளிரவாகிவிடும். ஆனால் பிராது கொடுக்கும் ஒருவரிடம் பெருந்தொகை கேட்பதற்குப் பதிலாக, பந்தயத்தில் சேரும் ஒவ்வொருவரிடமும் சிறு தொகை வசூலித்து, பரிசோதனைக்கென்று தனி நிதி வைக்கலாம். எல்லாருக்கும் பயன்படும் காவலுக்கு எல்லாரும் கொடுப்பதே முறை. ஒரு மைதானத்துக்கு ஒரு பரிசோதகர் போதாதென்றால், ஒரு வகுப்பாரின் கார்களை மற்றொரு வகுப்பார் பார்க்கலாம். தமக்கு அதில் லாப நஷ்டம் இல்லாததால் அவர்கள் நடுநிலைமை தவறமாட்டார்கள்.

இத்தனை செய்தாலும் மோசடி அடியோடு ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. 1995-ல் உலக ராலிப் பந்தயத்தில் ஓடிய டொயோட்டா கோஷ்டியின் கார்களில், டர்போவுக்குக் காற்றுப் போகும் வழியைச் சுருக்கும் வளையத்தைச் சுற்றி, காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும்படி ஓர் ஏற்பாடு கண்டுபிடிக்கப்பட்டது. கழற்றிப் பார்த்தால் தானாகவே மூடிக்கொள்ளும்படி அது அமைந்திருந்தது. சர்வதேச சம்மேளனம் அக்கோஷ்டியைப் பன்னிரண்டு மாதம் விலக்கி வைத்தது. பெரும் பணமும் பெரும் புத்தியும் சேர்ந்தால் எந்தப் பூட்டையும் திறக்கலாம் என்பதற்கு இது அத்தாட்சி. ஆனால் திருடர் இருக்கிறார் என்பதற்காக யாரும் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. பூட்டின் பிரயோஜனம் மகா திருடரைத் தடுப்பதில் மட்டும் இல்லை. சபலத்துக்கு ஆளாகும் சாதாரண மனிதரை நேர்வழியில் நிறுத்துவதிலும் இருக்கிறது. சங்கப் பந்தயங்களில் விதியை மீறுவோரில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகையினரே.

இது நமது நாட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயமன்று. 1953-ல் ஏற்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் சங்கத்தார், சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்திப் பெருங்கூட்டங்களைச் சேர்த்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் தமக்கென்று ஒரு பந்தய மைதானத்தையும் அமைத்துக்கொண்டார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த காலஞ்சென்ற கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் காரை உருவாக்கி, ‘ஃபார்முலா மாருதி’ என்னும் வகுப்புக்கு வழி செய்தார். பந்தயம் செல்வர்களின் சொத்தாக இல்லாமல், திறமையுள்ள இளைஞருக்கும் எட்ட வேண்டும் என்பதே அத்தகைய முயற்சிகளின் உட்கருத்து. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்ற வாக்குறுதியை நம்பிக் கடன் வாங்கி வரும் ஓர் இளைஞனுக்கு, அந்த வாக்குறுதியை நிறைவேற்றும் கடமை எந்தச் சங்கத்துக்கும் உண்டு. அதற்குக் காவல் இல்லையேல், நாம் அவனை அழைத்தது பந்தயத்துக்கல்ல, ஏமாற்றத்துக்கே.

அந்நியர் இயற்றிய சட்டத்தை மீறுவதில் ஒருகாலத்தில் நமக்குப் பெருமை இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. நாமே கூடிப் பேசி, நாமே எழுதி, நாமே கையெழுத்திட்ட விதியை மீறுவதில் எந்தப் பெருமையும் இல்லை. சங்கம் என்பது ஒரு சிறு சுயராஜ்யம். அங்கே சட்டம் செய்பவரும் அதற்குக் கட்டுப்படுபவரும் ஒருவரே. அத்தகைய இடத்தில் பரிசோதனை என்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று. பரஸ்பர மரியாதையின் அடையாளம். முதலாவதாக வந்தவர் தாமாகவே முன்வந்து, “எனது எஞ்சினைத் திறந்து பாருங்கள்” என்று சொல்லும் வழக்கம் எந்த மைதானத்தில் ஏற்படுகிறதோ, அந்த மைதானத்தில் கடைசியாக வந்தவரும் தலை நிமிர்ந்து வீடு திரும்புவார். அவ்வழக்கம் ஏற்படும்வரை, திறந்து பார்க்கும் பொறுப்பைச் சங்கத்தார் தாமே தயங்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். நேர்மையானவர்களைக் காப்பது அவர்களுடைய கடமை. அதை நேர்மையானவர்களின் தலையிலேயே சுமத்துவது தகாது.